ஒன்பதாவது வரி

அந்தக் கார்டு ஈரமாக வந்தது. ஐப்பசி மழையில் தபால்காரரின் பை நனைந்து, அன்றைய கார்டுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து மேஜையில் பரப்பினேன். மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க ஸ்கேல், கோந்து பாட்டில், டீ கிளாஸ் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் மேலே வைத்தேன்.

டீ கிளாசுக்கு அடியில் இருந்த கார்டில், 'ழ' எழுத்தின் வால் அடுத்த வரியைத் தொடும் வரை இறங்கி, தூண்டில் முள் போல வளைந்து நின்றது.

அப்படி 'ழ' போடுகிற ஆள் ஒருவன்தான் எனக்குத் தெரியும். என் தம்பி உலகநாதன்.

கார்டில் பெயர் இல்லை. 'வாசகன், வி.கே.புரம்' என்று மட்டும் இருந்தது. விக்கிரமசிங்கபுரத்தை அந்த ஊர்க்காரர்கள் யாரும் முழுதாகச் சொல்வதில்லை.

“மதிப்பிற்குரிய அண்ணாச்சி, எனக்கு வயது பத்தொன்பது. பாலிடெக்னிக் முடித்துவிட்டேன். ராணுவத்தில் சேர்ந்து, அதில் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கிற படைக்குத்தான் வாழ்க்கையில் போக வேண்டும் என்று ஆசை. அப்பா மில்லில் சேரச் சொல்கிறார். அண்ணன் ஒருவன் இருக்கிறான். அவனிடம் கேட்டால் நாலு பேரை விசாரித்துச் சொல்கிறேன் என்பான். விசாரித்து முடிப்பதற்குள் எனக்கு வயது தாண்டிவிடும். ஆகவே உங்களைக் கேட்கிறேன். போகலாமா?”

கிளாசை எடுத்தேன். 'போகலாமா' மேல் டீ வட்டமாகப் படிந்திருந்தது.

மீசை வைத்த அண்ணாச்சி

திருநெல்வேலியில் நான் உதவி ஆசிரியராக இருந்த நாளிதழைப் பற்றிச் சென்ற வாரங்களில் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன். அதன் புதன்கிழமை இணைப்பில் இளைஞர்களுக்கு ஒரு கேள்வி பதில் பகுதி வந்தது. எந்தப் படிப்பு, எந்தத் தேர்வு, எங்கே மனுப் போடுவது என்று கேட்பார்கள். பதில் சொல்பவர் 'அண்ணாச்சி'.

பகுதிக்கு மேலே அண்ணாச்சியின் படம் இருக்கும். தடித்த மீசை, மூக்குக் கண்ணாடி, நெற்றியில் மூன்று பட்டை. ஓவியர் தன் மாமனாரைப் பார்த்து வரைந்தது. அறுபது வயது மதிக்கலாம்.

அந்த அண்ணாச்சி நான்தான். எனக்கு அப்போது இருபத்தாறு. மீசை சரியாக முளைக்கவில்லை.

அலுவலகத்தில் மூன்று பேருக்குத்தான் இது தெரியும். வீட்டில் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்பது செய்தி ஆசிரியரின் உத்தரவு. இன்னொரு உத்தரவும் உண்டு: “எட்டு வரிக்கு மேல அண்ணாச்சி பேசக் கூடாது, வே. பேசினா மரியாதை போயிரும்.”

எட்டு வரிக்குள் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் பதிலிலும் இரண்டாவது வாக்கியத்தை 'ஆனால் ஒன்று' என்று தொடங்குவேன். செய்தி ஆசிரியர் சிவப்பு மையால் அடிப்பார்; சில வாரம் அவர் கண்ணுக்குத் தப்பி அச்சாகிவிடும். அடுத்த வாரம் மறுபடி வரும்.

நான் சொல்ல விரும்பிய பதில்

'வேண்டாம்' என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். அண்ணாச்சி சொன்னால் அவன் கேட்பான். அதுதான் என்னை உட்கார விடவில்லை.

ஏன் வேண்டாம் என்று தோன்றியது என்பதை இப்போது மறைக்காமல் சொல்லிவிடலாம். அவன் உயிருக்குப் பயந்து மட்டும் அல்ல.

எங்கள் அப்பா நூல் மில்லில் மூன்று ஷிப்டும் பார்த்தவர். ஷிப்டு முடிந்து சைக்கிளில் வரும்போது புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். முகம் கழுவினாலும் ஒரு துணுக்கு மிஞ்சும். அந்த வருஷங்களில் அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்திருந்தது. அம்மாவுக்குக் கண்ணில் புரை. வீட்டில் ஒருவன் இருக்க வேண்டும். அந்த ஒருவன் உலகு என்று நானே முடிவு செய்து, ஜங்ஷன் பக்கம் மாடியில் ஓர் அறை பிடித்துத் தங்கியிருந்தேன். அந்த அறையின் ஜன்னல், வாசிப்பு, சாயங்காலம் நண்பர்களோடு நடை எல்லாமே அவன் வி.கே.புரத்தில் இருந்ததால் எனக்குக் கிடைத்தவை.

அவன் குதிக்கப் பிறந்தவன் என்பதும் எனக்குத் தெரியும். பாபநாசத்தில் ஆற்றங்கரைக் கல்மண்டபத்தின் மேல் ஏறி நின்று குதிப்பான். மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குதிப்பார்கள். இவன் கண்ணைத் திறந்துகொண்டு குதிப்பான். தலை தண்ணீருக்கு மேல் வந்ததும் முதலில் என்னைத் தேடுவான். நான் கரையில் அவன் சட்டையோடு நிற்பேன்.

அவன் எழுதியது சரிதான். நான் விசாரிக்கிற ஆள். தச்சநல்லூருக்கு விசாரிக்கப் போனேன்.

கண்ணாடிக் கூண்டு

தச்சநல்லூரில் மெயின் ரோட்டை ஒட்டி ஓர் எஸ்.டி.டி. பூத். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, உள்ளே சிவப்பு எண் ஓடுகிற பெட்டி. ரிசீவரில் எப்போதும் யாருடைய தேங்காயெண்ணெய் வாசமாவது இருக்கும். நடத்தியவர் மாசானம். முப்பத்தைந்து வயதிருக்கும். பாராசூட் படையில் இருந்தவர். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். முன்னாள் ராணுவத்தினருக்குக் கொடுத்த பூத்களைப் பற்றி ஒரு செய்திக்காக முன்பு ஒருமுறை அவரைப் பார்த்திருந்தேன்.

அச்சில் அண்ணாச்சியாக இருந்தவன் அவரை “அண்ணாச்சி” என்று கூப்பிட்டேன்.

“ஒரு வாசகர் கேட்டிருக்காரு. பதில் எழுதணும்.”

“எழுதும்.”

அன்று மூன்று விஷயம் சொன்னார். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன்.

“ஒரு வாசகருக்காகவா மூணு நாளா மழையில நனைஞ்சுக்கிட்டு வாரீரு?” என்றார். “யாரு வே, தம்பியா?”

நான் ஈரச் சட்டை நுனியைப் பிழிந்தேன்.

“தம்பிதான். உக்காரும்.”

அவர் சொன்னதில் வீரக்கதை இல்லை. முதலில் சாதாரணமாக ராணுவத்தில் சேர வேண்டும். அதற்குப் பிறகு தானாகக் கை தூக்குகிறவர்களைத்தான் இந்தப் படைக்கு எடுப்பார்கள். மூன்று மாதம் சோதனை. தூக்கம் இருக்காது, தோளில் சுமை இறங்காது.

“அதைக்கூடத் தாங்கிரலாம். தாங்க முடியாதது என்னன்னு சொல்லட்டா? எந்த நிமிசமும் 'வேண்டாம்'னு சொல்லிட்டு வந்திரலாம். ஏசமாட்டான். டீயைக் குடுத்து, டிக்கெட்டுக்குப் பதிலா ரயில் வாரண்டைக் குடுத்து, பழைய இடத்துக்கே அனுப்பிருவான். மூணு மாசமும் அந்த வார்த்தை நாக்கு நுனியிலேயே கிடக்கும் பாத்துக்கிடும்.”

“அப்ப வேண்டாம்னே எழுதிரலாமா, அண்ணாச்சி?”

அவர் சிரித்தார். “அவன் சொல்லுததுக்கு முன்னாடி நீரு சொல்லுதீரே வே!”

உலகு மண்டபத்திலிருந்து குதிப்பதைச் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

“ஆத்துல குதிக்கவன் தனியாக் குதிக்கான். தண்ணி தாங்கிக்கிடும். அங்கன அப்படி இல்ல. விமானத்துக்குள்ள தலைக்கு மேல ஓடுத கம்பியில அவனவன் கொக்கியை மாட்டிட்டு வரிசையா நிப்போம். முதுகுப் பையில பாராசூட் என்ன சீர்ல இருக்குன்னு உமக்குத் தெரியுமா? தெரியாது. தன் முதுகைத் தான் பாக்க முடியாதுல்லா? பின்னால நிக்கவன் பாப்பான். நீரு முன்னால நிக்கவனைப் பாப்பீரு. பாத்துட்டு ஒரு தட்டு. அந்தத் தட்டை நம்பித்தான் வாசல்ல காலை வைக்கணும். உம்ம தம்பியால இன்னொருத்தனை நம்ப முடியுமா? அதைக் கேளும். குதிக்கத் தெரியுமான்னு கேக்காதேயும்.”

கை நீட்டுகிற ஆட்டம்

மாசானத்துக்குப் பின்னால் நின்ற ஆளின் பெயர் நேகி. இமயமலை அடிவாரத்துக் கர்வால்காரன்.

மாசானம் என்ற பெயரே அங்கே சிக்கலானது. 'மசான்' என்றால் இந்தியிலும் சுடுகாடுதானாம். முதல் நாள் பெயர் வாசித்த அதிகாரி பேப்பரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்திருக்கிறார். விமானத்தில் ஏறுகிறவனுக்கு வைக்கிற பெயரா என்று கேட்டாராம். “எங்க குலசாமி பேரு சார்னு சொல்லத்தான் பாத்தேன். இந்தி வரலையே! சல்யூட் அடிச்சேன்.”

இந்தி வராததால்தான் நேகி கிடைத்தான். மாசானம் ஊர்ப் பழக்கத்தில் அவனை “ஏலே” என்று கூப்பிட்டார். நேகி கையை நீட்டினான். இவர் விழித்தார். அவன் நீட்டிய கையை எடுக்காமல் காத்திருந்தான். மறுபடி “ஏலே” என்றார். மற்ற கையையும் நீட்டினான்.

'யே லே' என்றால் இந்தியில் 'இந்தா, வாங்கிக்கோ' என்று அர்த்தம்.

“ரெண்டு கையையும் ஏந்திக்கிட்டு நிக்கான் வே, கோயில்ல பிரசாதம் வாங்குத மாதிரி! பாக்கெட்டுல ஒரு கடலைமிட்டாய் கிடந்துச்சு. அதை வச்சேன்.”

அன்றிலிருந்து அது ஆட்டமாகிவிட்டது. யார் “ஏலே” என்றாலும் மற்றவன் கையை நீட்ட வேண்டும். சொன்னவன் எதையாவது வைக்க வேண்டும்: பட்டன், கூழாங்கல், பாதி பீடி. விமானத்தில் இரைச்சலில் எதுவும் கேட்காது. வாய் அசைவைப் பார்த்துக் கை நீளும். வைப்பதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் உள்ளங்கையில் ஒரு தட்டு.

கடைசிக் குதிப்பில் காற்று இழுத்துப்போய் மாசானத்தை ஒரு வரப்பின் மேல் போட்டது. கணுக்கால் போனது, இடுப்பெலும்பில் விரிசல் விழுந்தது. ஆஸ்பத்திரிக்கு நேகி ஒரே ஒருமுறைதான் வர முடிந்தது. அவன் பிரிவு மறுநாள் வேறு மலைக்குப் புறப்பட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவன் “ஏலே” என்றான். மாசானத்துக்கு இரண்டு கையிலும் ஊசி. நீட்ட முடியவில்லை.

“ரெண்டு லெட்டர் போட்டேன். பதில் இல்ல. அவன் ஊர்ல போனும் கிடையாது.” கூண்டுக்குள் யாரோ துபாய்க்குச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். “ஊரு உலகமே இங்கன வந்து பேசுது. எனக்குத்தான் நம்பர் இல்ல.”

எழுந்தபோது கேட்டேன். “இவ்வளவு ஆனதுக்கு அப்புறம், போகச் சொல்லுவீங்களா?”

“நாளைக்குக் கூப்பிட்டான்னா, இந்தக் காலை வச்சுக்கிட்டே போவேன். ஆனா அது என் ஆசை. உம்ம தம்பிக்கு அதைச் சொல்லாதேயும்.” ரோட்டைப் பார்த்துக்கொண்டே சேர்த்துச் சொன்னார். “ஒருவேளை போனாம்னா, ஒரு நேகியை விசாரிக்கச் சொல்லும். அந்தப் பக்கம் பாதிப் பேரு நேகிதான். இருந்தாலும் சொல்லிவையும்.”

அச்சான பதில்

இரண்டு நாள் எழுதி, அடித்து, எழுதினேன். அந்தப் புதன்கிழமை வந்தது இது:

“போகலாம். ஆனால் ஒன்று. முதலில் ராணுவத்தில் சேர வேண்டும். பிறகு தானாக முன்வர வேண்டும். சோதனைக் காலத்தில் எந்த நேரமும் வேண்டாம் என்று சொல்லித் திரும்பலாம், கஷ்டமே அதுதான். உயரம் பிடிக்கும் என்பதற்காகப் போக வேண்டாம். உங்கள் முதுகை இன்னொருவன் பார்த்துக்கொள்வான் என்று நம்ப முடிந்தால், அவன் முதுகை உங்கள் முதுகாகப் பார்க்க முடிந்தால் போகவும். இந்தி கற்கவும். அம்மாவிடம் நீங்களே சொல்லவும். வீட்டை உங்கள் அண்ணன் பார்த்துக்கொள்வான்.”

செய்தி ஆசிரியர் பேனாவால் வரிகளை எண்ணினார்.

“ஒம்போது வருது.”

“ஆமா சார்.”

“கடைசி வரியை எடுத்துரலாம். அவன் அண்ணன் பாத்துக்கிடுவான்னு உமக்கு எப்படி வே தெரியும்?”

“தெரியும் சார்.”

அவர் என்னைப் பார்த்தார். கார்டை வாங்கி ஊர்ப் பெயரைப் பார்த்தார். சிவப்புப் பேனாவை மூடிவிட்டு, “கீழ இருக்க விளம்பரத்தை ஒரு வரி இறக்கச் சொல்லும்” என்றார். 'ஆனால் ஒன்று'கூட அன்று தப்பித்தது.

ஓட்டை விழுந்த பக்கம்

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். அப்பா பழைய பேப்பர்களை ஒன்றுவிடாமல் படிப்பார். புதன்கிழமைப் பக்கத்தை விரித்தபோது நடுவில் சதுரமாக ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியே அவர் புருவமும் அதில் ஒரு பஞ்சுத் துணுக்கும் தெரிந்தன.

“எவம்லே இதுல ஓட்டை போட்டது? பின்னால தூத்துக்குடி கப்பல் செய்தி பாதியில நிக்கி!”

உலகு தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ரசத்தை இரண்டு முறை ஊற்றிக்கொண்டான். பிறகு, அதே குரலில், “அம்மா, நான் பட்டாளத்துல சேரப் போறேன். பாராசூட்ல குதிக்கிறது” என்றான்.

அம்மா கரண்டியோடு நின்றாள். “எய்யா, மேல இருந்தா குதிப்ப?”

“ஆமாம்மா.”

“கீழ யாரு இருப்பா?”

அப்பா பேப்பரை மடித்தார். மடித்தபோது ஓட்டை எட்டாக மடிந்தது. “மில்லுல சொல்லி வச்சிருக்கேனே” என்றார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ரூமைக் காலி செய்யப்போவதாகவும் இனி தினம் இங்கிருந்தே பஸ்ஸில் வேலைக்குப் போகப்போவதாகவும் சொன்னேன். உலகு அப்போதுதான் என்னைப் பார்த்தான். ஆற்றில் தலை தூக்கிப் பார்க்கிற அதே பார்வை.

பாளையங்கோட்டை மைதானத்தில் ஆளெடுத்தார்கள். ஓடினான், தேறினான், போனான். ரயிலேறுகிற அன்று மாசானத்தின் கதையைச் சொல்லி நேகியை விசாரிக்கச் சொன்னேன். வேறு எதையும் எங்களுக்குச் சொல்லிக்கொள்ளத் தெரியவில்லை.

அதன் பிறகு காலை ஆறேகால் பஸ் என் வாழ்க்கையாயிற்று. ஜன்னல் பக்கம் வயல், வாழை, எப்போதாவது ஆறு. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் கொடியில் அவன் சட்டை ஒன்று தொங்கும். அம்மா அதை வாரம் ஒருமுறை துவைத்து மறுபடி அங்கேயே போடுவாள். விமானச் சத்தம் எங்கள் ஊரில் அபூர்வம். கேட்டால் அப்பா முற்றத்துக்கு வந்து நிற்பார். எதற்கு வந்தோம் என்பது போல வாளியை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போவார்.

அண்ணாச்சிக்கு ஒரு இன்லண்ட்

இரண்டு வருஷம் போயிருக்கும். அலுவலகத்துக்கு, 'அண்ணாச்சி' என்ற பெயருக்கு, ஓர் இன்லண்ட் கடிதம் வந்தது. முகவரியில் 'ழ' இல்லை. உள்ளே இருந்தது.

“அண்ணாச்சி என்கிற அண்ணனுக்கு. சோதனை முடிந்து, ஐந்து குதிப்பும் முடிந்து, படையின் மெரூன் தொப்பி கிடைத்துவிட்டது. கண்ணைத் திறந்துகொண்டுதான் குதித்தேன்.

கார்டு போடும்போதே அண்ணாச்சி நீதான் என்று எனக்குத் தெரியும். வீட்டில் எதற்கெடுத்தாலும் 'ஆனா ஒண்ணு' என்கிற ஆள் வேறு யார்? நேரில் கேட்டால் அண்ணனாகப் பதில் சொல்லுவாய். அண்ணாச்சியைக் கேட்டால் உண்மையைச் சொல்லுவாய் என்று நினைத்தேன். போகலாமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டை யார் பார்ப்பார்கள் என்று கேட்க வாய் வரவில்லை. ஒன்பதாவது வரிக்காகத்தான் கார்டு போட்டேன். கேட்காமலே எழுதினாய்.

இனி நேகி. இங்கே நாலு நேகி. மூன்று பேருக்கு மாசானத்தைத் தெரியாது. நாலாவது ஆள் ஹவில்தார்; கிட்டே போகவே பயம். நேற்று மைதானத்தில் சங்கரன்கோவில்காரன் ஒருவனை 'ஏலே' என்று கூப்பிட்டேன். அவன் காதில் விழவில்லை. எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த ஹவில்தார் திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைப் பின்னால் நீட்டினார். நீட்டியபடியே நின்றுவிட்டார்.

வரும் ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு இங்கே பூத்தில் இருந்து கூப்பிடுகிறோம். தச்சநல்லூர் நம்பர் உன்னிடம் இருக்கும், உடனே அனுப்பு.”

நம்பரைத் தந்தி அடித்தேன். பிறகுதான் தச்சநல்லூருக்குப் போனேன். மாசானத்திடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். 'பின்னால் நீட்டினார்' என்ற இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

மூன்று மணி

ஞாயிறன்று நான் போனபோது பூத் வாசலில் 'லைன் ரிப்பேர்' என்று அட்டை தொங்கியது. மாசானம் சவரம் செய்து, தேய்த்த வெள்ளைச் சட்டையில் இருந்தார். ரிசீவரை டெட்டால் போட்டுத் துடைத்திருந்தார்.

“பொய்தான் வே. ரிப்பேர்னாத்தான் வரமாட்டானுவ” என்றார். அப்படியும் ஒருவர் வந்தார். “மும்பைக்கு ஒரே நிமிசம்” என்றார். “அண்ணாச்சி, இன்னைக்கு எனக்கே போன் வருது. போங்க” என்று மாசானம் அவரை அனுப்பிவைத்தார்.

மூன்றாகி, மூன்றே காலாயிற்று. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இடது காலை நீவிக்கொண்டிருந்தார்.

மணி அடித்ததும் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடிக்கு வெளியே எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் வாய் திறக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய இடது கை மெதுவாக எழுந்து, உள்ளங்கை மேலே பார்க்க, கண்ணாடியை நோக்கி நீண்டது.

அந்தப் பக்கம் என்ன சொல்லியிருப்பான் என்று நான் யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

வெகுநேரம் பேசினார். அந்தக் கையை மடக்கவே இல்லை. பிறகு கதவைத் திறந்து, ரிசீவரை என் பக்கம் நீட்டினார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

“உம்ம தம்பி பக்கத்துலதான் நிக்கானாம். பேசும்.”

உள்ளே போனேன். டெட்டால் வாசத்துக்கு அடியில் தேங்காயெண்ணெய் வாசம் இருந்தது. அப்பாவின் மூச்சு, அம்மாவின் கண், கொடியில் தொங்கும் சட்டை என்று சொல்ல நிறைய இருந்தது. பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் எட்டு வரியாக எழுதியும் வைத்திருந்தேன்.

“ஏலே” என்றேன்.

கம்பியில் இரைச்சல் ஓடியது.

“நீட்டியாச்சுண்ணே” என்றான் உலகு.